தேள் என்றால் நீங்கள்

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து மிளகு வாசனை போகவில்லை. என் கடிதங்களைப் பூச்சி அரிக்காமலிருக்க உன் தோட்டத்து மிளகைத் தகரப்பெட்டி நிறையத் தூவி வைத்திருக்கிறாய். இவ்வளவு பத்திரமாகக் காத்தாயே என்று முதலில் நெகிழத்தான் செய்தேன்.

கார்த்திகையில் நீ இறந்துபோன செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. நேற்றுதான் ஏற்காடு மலையேறி உன் கிளியூருக்கு வர முடிந்தது. உன் தம்பி மனைவி பெட்டியை என் மடியில் வைத்து, "உங்க பொம்ம லெட்டரெல்லாம் இதுலதானுங்க இருக்குது. அண்ணி யாரையும் தொட விடமாட்டாங்க" என்றாள்.

பொம்மை லெட்டர். அதைத் தொடங்கியது நீதான். சேலத்தில் நாம் எம்.ஏ. வரலாறு படித்தபோது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பில், சுமேரியரின் களிமண் பலகைகளைப் பற்றிய பாடம். வெறும் படம் எழுத்தாகாது, அது பொருளை விட்டுவிட்டு அதன் பெயரின் ஒலியைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் எழுத்து பிறக்கிறது என்றார் பேராசிரியர். நீ என் நோட்டை இழுத்து ஒரு கிளி வரைந்தாய், பக்கத்தில் நான்கு கூரைகள்.

"ஏ புள்ள, இதுக்குச் சுமேரியாவுலருந்து ஆளு வரோணுமா? இந்தா, கிளியூரு!"

மஞ்சள் கிழங்கும் ஒரு குட்டையும் உன் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டை ஆயின. தலைச்சோலைக்கு நீ போட்ட தலையில் விடுதி வார்டனின் கொண்டை இருந்தது. சிரித்ததற்காக இருவரையும் வெளியே நிற்க வைத்தார்கள். படிப்பு முடிவதற்குள் நூறு குறிகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. களத்தில் காயும் காப்பிக்கொட்டை என்றால் 'பொறு'. பாதம் என்றால் 'புறப்படுகிறேன்'.

சிந்துவெளி எழுத்தை ஏன் படிக்க முடியவில்லை என்பதற்கு வகுப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று உனக்கு நொம்பப் பிடித்திருந்தது. தெரிந்த எழுத்திலும் தெரியாத எழுத்திலும் ஒரே செய்தியைச் சொல்லும் கல் ஏதும் கிடைக்கவில்லை என்பார்கள். "நம்மளுதுக்கும் அப்பிடிக் கல்லு கெடையாது சாமி. நாம ரெண்டு பேரும் செத்தா அதுவுஞ் செத்துது" என்றாய்.

எனக்குக் கல்யாணமான மறு வருடம் ஒரு புதுக் குறி சேர்ந்தது. அவர் என்னை அடித்ததில்லை. நான் சொன்ன எதையாவது நினைவில் வைத்திருந்து, விருந்தாளிகள் முன்னால் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்குத் தேள் போட்டேன். அந்தக் கடிதங்களைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அவரிடமே கொடுப்பேன். யாராலும் படிக்க முடியாது என்கிற படித்தவளின் திமிர்.

ஒரு மார்கழியில் உனக்கு எழுதினேன்: பொங்கல் கழிந்ததும் தேளை விட்டு வருகிறேன், கிளியூரில் ஓர் அறை பார். உன் பதிலில் ஒரே குறிதான் இருந்தது. காப்பிக்கொட்டை. அதே வாரம் அவர் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "ஏற்காட்டுக் குளிரு உனக்கு ஒத்துக்காது."

கிளம்பப்போவதை நான் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தூக்கத்தில் உளறியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எதையும் சான்றில்லாமல் நம்பாதவள், அதை மட்டும் நம்பினேன். அன்றிலிருந்து பதினெட்டு வருடமாகக் கூடத்தில் தனியாகப் படுக்கிறேன், என் வாய்க்குப் பயந்து.

நேற்று, பெட்டியின் அடியில் அந்தத் தாள் இருந்தது. உன் கையெழுத்து. இடப்பக்கம் நம் குறிகள், வலப்பக்கம் தமிழில் பொருள். கிளி, கூரை: கிளியூர். காப்பிக்கொட்டை: பொறு. நாம் மறந்துவிடக்கூடாதென்று எழுதி வைத்தாயோ என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். பாதி தாண்டியதும் தேள். எதிரே எழுதியிருந்தாய்: "நீங்கள்."

நமக்குள் யாரும் யாருக்கும் நீங்கள் இல்லை.

உன் தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அது உங்க ஊட்டுக்காரருக்கு எழுதுனதுங்க. அவரு ஒருக்கா தனியா வந்தாரில்லீங்களா? 'அவ மனசுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே நல்லா வெச்சுக்க முடியும்'னு கண்ணுல தண்ணி வெச்சுட்டாரு. அண்ணி எழுதிக் குடுத்தாங்க, அவரு உக்காந்து நோட்டுல பாத்து எழுதிக்கிட்டாரு. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

அவர் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. அதன் பிறகும் வருடா வருடம் மே மாதம் நாங்கள் வந்தோம். அவருக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக் கேட்டுப் போட்டாய். நான் அங்கிருந்து திரும்பியதும் தேளைப் பற்றி உனக்கு எழுதினேன். நீயும் பதில் போட்டாய்.

நல்லதுக்கென்று செய்திருப்பாய். இருக்கலாம். அதற்கு என்னிடம் சான்று இல்லை.

நான் கிளம்பும்போது அவள் கேட்டாள்: "அண்ணி ஊடு சும்மாதானுங்க கெடக்குது. நாலு நாளு வந்து இருந்துட்டுப் போறதுங்களா?" பஸ் மலையிறங்கி முடிக்கும்வரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதை எல்லோருக்கும் புரியும் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஒளிப்பதற்கு இனி ஒன்றுமில்லை. ஆனால் கை எதையும் மறக்கவில்லை. அவர் காலை நடையிலிருந்து வந்ததும் எடுக்கும் செய்தித்தாளின் ஓரத்தில் இப்போது ஒரு பாதம் வரைந்தேன். பிறகு கிளி, அலகு நீ போட்டபடியே இடப்பக்கம்தான் திரும்பியது. பிறகு நான்கு கூரைகள். காப்பிக்கொட்டை போடவில்லை.

விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியும்.