வெங்காயத்தாள் பிடிக்காத மாப்பிள்ளை

போடிநாயக்கனூர்,
8-12-1983

அன்பு மகள் ஜெபராணிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே சுகத்துக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் முதலாவதை மட்டும் நிறையப் பெற்றிருக்க ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. அப்பா தெரிந்தவரிடம் கொடுத்தனுப்பிய சின்ன வெங்காயம் முழுக்க முளைவிட்டுவிட்டது, தூரப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வெங்காயக் கடைக்காரர் மகள் கேட்கிற கேள்வியா இது. உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். அழுகினதை மட்டும் பொறுக்கி எறி. பழைய பால் டின் இருந்தால் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மண்ணும் கொஞ்சம் மக்கின சாணமும் கலந்து நிரப்பு. முளை மேலே பார்க்க, வேர்ப்பக்கம் கீழே இருக்க, ஒன்றோடொன்று இடிக்காமல் ஊன்றி நுனி மட்டும் தெரிகிற மாதிரி மண்ணைத் தள்ளு. பால்கனியில் வெயில் படுகிற இடத்தில் வை. தண்ணீரைத் தெளி, ஊற்றாதே, நீ பாத்திரம் கழுவுகிற மாதிரி ஊற்றினால் அழுகிப்போகும். ஒரு சாண் உயரம் வந்ததும் அடியில் இரண்டு விரற்கடை விட்டு நறுக்கு, மறுபடியும் தழைக்கும். இரண்டு மூன்று தடவை நறுக்கிய பிறகு தாள் நூலாக வரும், அப்போது அதை விட்டுவிட வேண்டியதுதான், அதற்கும் சத்து எவ்வளவுதான் இருக்கும்.

இதைக் கிண்டல் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஐப்பசி மழையில் கடை பின்கட்டு ஒழுகி ஒரு மூடை வெங்காயம் நனைந்து முளைத்துவிட்டது. அப்பா குப்பையில் கொட்டச் சொன்னார்கள். நான் அள்ளிக்கொண்டு போய் மொட்டை மாடியில் ஓட்டைக் குண்டான், பிஸ்கட் டின், நீ குளித்த தகரத் தொட்டி என்று கிடைத்ததில் எல்லாம் ஊன்றினேன். அப்பா ஏணிப்படியில் நின்றுகொண்டு, “மூடை மூடையா வெங்காயம் விக்கிறவன் வீட்டு மாடியில வெங்காயம் நட்டா வெள்ளாமை பாக்குற சம்சாரி வீட்டு ஆளுக சிரிக்க மாட்டாகளா” என்று கேட்டார்கள். சிரிக்கட்டும், பல்லுக்கு நல்லது என்றேன். பத்துப் பதினைந்து நாளில் மாடி பச்சைப்பசேல் என்று ஆனது. அப்பா அதன் பிறகும் மாடிக்கு வந்தார்கள், காற்று வாங்கத்தான் என்றார்கள். தொட்டி ஓரத்தில் புல் பிடுங்கினால்தான் அவர்களுக்குக் காற்று வரும் போலிருக்கிறது.

இதற்கு நடுவில் உன் அத்தை உன் தங்கை செல்வமணிக்குப் பெரியகுளத்தில் இருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். பாங்கு வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை. ஒரே பிள்ளை என்று அத்தை சொன்னபோது அதை நல்ல சேதியாக நானும் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவர்கள் சனிக்கிழமை மத்தியானம் அடைமழையில் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார்கள், மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் உன் அத்தையும். மழைக்குச் சந்தையில் ஒரு காய் இல்லை. மாடிக்குப் போய்த் தாளை அரிந்து வந்து, பாதியை முட்டை போட்டுக் கிளறினேன், பாதியைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தேன். கோழிக்குழம்பும் இருந்தது, உன் அம்மாவை அவ்வளவு குறைவாக நினைக்காதே.

அந்த அம்மாள் இலையைப் பார்த்தார்கள், விரலால் அந்தத் தாளை ஒதுக்கினார்கள். “ஏங்க, ஆட்டுக்குட்டிக்கு வெட்டி வச்சதை எங்களுக்கு வதக்கிப் போட்டுட்டீகளா” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். உன் அத்தையும் கூடச் சிரித்தாள், அவள் எந்தப் பக்கம் சிரிப்பு வந்தாலும் சேர்ந்துகொள்கிறவள். பக்கத்தில் மாப்பிள்ளையோ தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தான். முட்டை போட்டதை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினான், மூன்றாந்தரம் கேட்காமலே சட்டியைப் பார்த்தான், செல்வமணிதான் எடுத்துப் போட்டாள். அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன், காலையில் இருந்து எண்ணெய் வைத்திருந்த தலையை அவசரமாக இரண்டு தடவை பின்னியிருந்தாள்.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாள், கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் வேலை வேண்டாம், எங்கள் வீட்டுப் பெண்கள் சாக்பீஸ் பிடிப்பதில்லை என்றார்கள். செல்வமணி அவர்களை விட்டுவிட்டு நேரே அவனைப் பார்த்து, “வெங்காயத்தாள் பிடிச்சிருந்ததா உங்களுக்கு” என்று கேட்டாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். “அம்மாவுக்குப் பிடிக்கலைன்னா எனக்கும் பிடிக்காது” என்றான். சொல்லும்போதே மீசையோரம் ஒரு துண்டுத் தாள் ஒட்டிக்கொண்டு ஆடியது. நான் அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்த உன் தங்கை சிரிக்கவில்லை. “மூணு தடவை வாங்கித் தின்னவன் பிடிக்கலைங்கான். நாளைக்கு என்னையும் இப்படித்தானம்மா சொல்லுவான்” என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்கள் போன பிறகு செல்வமணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா. இருபத்தாறு வயசுப் பிள்ளை இன்னும் எந்த ராஜகுமாரனுக்குக் காத்திருக்கிறாள் என்று கத்தினார்கள். எங்களிடம் பேச்சை நிறுத்தினார்கள், வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள், சுவர் சோறு போடுமா, நான்தான் போட்டேன். உன் அத்தை கோயில் வாசலில் நின்று, “புல்லுக்கட்டுக்காக ஒரு பாங்கு வேலையைத் தள்ளிவிட்டாளே” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். செல்வமணி பள்ளிக்கூடம் போனாள், வந்தாள்.

போன வாரம் அத்தை மறுபடியும் வந்தாள். பெரியகுளத்தார் பெருந்தன்மையாகச் சம்மதித்துவிட்டார்களாம். வேலையை விட்டுவிட வேண்டும், அன்று எல்லார் முன்னாலும் வாய் கொடுத்ததற்குச் செல்வமணி வந்து அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதானாம். அப்பா தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கே சரி என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். அப்பா சொன்னது: “எம்மகளை நான் வைவேன், ஆத்தா. அது எங்க வீட்டுச் சண்டை. கேட்டது என்ன, பிடிச்சிருக்கான்னு கேட்டா. அதுக்கு மன்னிப்பா. அவுகளைப் போய் அவுக மகன்கிட்டக் கேக்கச் சொல்லு.” அத்தை காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கும் வரமாட்டாளாம், வரட்டும் வராமல் இருக்கட்டும். சாயங்காலம் செல்வமணி வந்ததும் அப்பா சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, “இன்னைக்கு என்ன பாடம் நடத்தின” என்று கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே இரண்டாம் வாய்ப்பாடு என்றாள்.

அவளுக்கு இனி எப்போது அமையுமோ, அந்தக் கவலை எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் இந்த நாட்களில் எனக்கு உன் நினைவுதான் அதிகம். கோபப்படாமல் கேள். உனக்குப் பிலாய் வெயில் ஒத்துக்கொள்கிறதா என்றால், மாப்பிள்ளையைச் சொல்லி, அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று எழுதுகிறாய். அங்கே பள்ளிக்கூடத்தில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்களே, போகிறாயா என்றால் அவர்களுக்கு இஷ்டமில்லை என்று ஒரு வரி. நானும் முப்பது வருஷமாக உன் அப்பாவை அவுக என்றுதான் சொல்கிறேன், அது மரியாதை. அதற்காக என் நாக்கை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. மாப்பிள்ளை தங்கமானவர், இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எது பிடிக்காது, எத்தனை மணிக்குக் காப்பி என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மகளுக்கு என்ன பிடிக்கும் என்பதுதான் மறந்துகொண்டு வருகிறது.

குளிர் காலம், பேரனுக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பதில் எழுதும்போது அவர்கள் என்ற சொல் இல்லாமல் அரைப் பக்கமாவது எழுது, மீதியை அவர்களைப் பற்றியே எழுதிக்கொள்.

உன் வரவை அல்ல, உன் வார்த்தையை எதிர்பார்க்கும் அம்மா,
சு. கிருபாவதி