இருபத்திரண்டு ராத்தல்

இன்று காலை ஒரு மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கிக் கடை வாசலில் வைத்தார்கள். மூடியைத் திறக்க வேண்டியதே இல்லை. அரக்கும் பருத்தி நூலும் சேர்ந்து கருகிய அந்த நாற்றம் தெருவரைக்கும் வந்தது. கொண்டுவந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எவ்ளோ ஆகுமுங்க?" என்றார். நீ போன பிறகு எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஆனால் இவர் வத்தல்மலை அடிவாரத்துக்காரர். பேச்சும், நின்ற நிலையும், எனக்கு வேறொருவரை ஞாபகப்படுத்திவிட்டன. "பிரிச்சுப் பார்த்துத்தான் சொல்லணுமுங்க, சாயங்காலமா வாங்க" என்று அனுப்பிவிட்டு, வேலையை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காலத்தில் சொல்லாததை, நீ இல்லாதபோது காகிதத்தில் சொல்கிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்துவிட்டது. சுதந்திரமும் வந்துவிட்டது. மோட்டார் சுற்றும் செப்புக் கம்பி இப்போது சேலத்தில் உருளை உருளையாகக் கிடைக்கிறது. போன மாதம் ஒரு உருளையை வாங்கி வந்து, நீ உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாய்.

கடை ஆரம்பித்தபோது நம் ஏற்பாடு எளிமையானது. கை உன்னுடையது, வாய் என்னுடையது. நீ உள்ளே மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுவாய், நான் முன்னால் நின்று விலை பேசுவேன். "வாய்க்காரரே, வாயை மூடிக்கிட்டு வந்து சோறு தின்னுங்க" என்று நீ கேலி செய்வாய். மேட்டூர்க் கரண்டு தர்மபுரிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அரிசி மில்லில் ஒன்று, எண்ணெய் மில்லில் ஒன்று, வசதியான சில குடியானவர்களின் கிணற்றில் ஒன்று என்று மோட்டார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றின் சத்தமும் உனக்குத் தெரியும்.

விலை சொல்ல நீ ஒரு முறை வைத்திருந்தாய். முதலில் அச்சைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பிறகு மூடியைக் கழற்றி, எரிந்தது ஒரு சுருளா, முழுவதுமா என்று பார்க்க வேண்டும். சுருள் உட்காரும் குழிகளை எண்ணி, அதன் கனத்தை அளந்து, எத்தனை ராத்தல் கம்பி பிடிக்கும் என்று சிலேட்டில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறக்கலாம். "மூடியக் கழட்டாம சொல்றது வெல இல்லப்பா, வாய்க்கு வந்தது" என்பாய். நானும் அப்படித்தான் செய்கிறேன் என்று கடைசிவரை நம்பினாய்.

யுத்தம் வந்தது, கம்பி மறைந்தது. சேலத்தில் கள்ள விலைக்குக்கூட எப்போதாவதுதான் கிடைத்தது. எரிந்த மோட்டாரோடு வருகிறவரிடம் "கம்பி இல்லை" என்று சொல்ல வேண்டும். எனக்கு அது வரவில்லை. சின்ன ஊர். இன்றைக்கு இல்லை என்று சொன்னால் நாளைக்குக் கடையே இல்லை என்று பேசிக்கொள்வார்கள் என்ற பயம். அதோடு ஒரு வீம்பும் இருந்தது. அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரும் கொடுக்க முடியாத ஒரு தொகையைச் சொல்வேன். வந்தவர் மலைத்துப்போய், "யோசன பண்ணிச் சொல்றேனுங்க" என்று கிளம்பிவிடுவார். அவருக்கும் மானம் போகாது, கடைக்கும் மானம் போகாது. நான்கைந்து பேரை இப்படி அனுப்பியிருக்கிறேன். உனக்குத் தெரியாது. பெரிய சாமர்த்தியக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பங்குனியில் நீ உன் வீட்டுக்காரியான தங்கச்சியோடு தீர்த்தமலைக்குப் போயிருந்தாய். காலையில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடியானவர், அடிவாரத்து ஊர். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார், முதல் நாள் புகைந்து நின்றுவிட்டதாம். வண்டியில் இரண்டு வெள்ளைக் காளைகள், திமில் பெருத்து, பார்க்க அவ்வளவு அழகு.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "கொடிக்காலுக்கு ஒரு நாள் வுட்டு ஒரு நாள் தண்ணி வேணுமுங்க. இந்த வெயிலுக்கு எட்டு நாள் தாங்குனா அதிகம். வேல ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. பழைய சால் ஒண்ணு வூட்டுல கெடக்குது, அதத் தெச்சு, மாட்டப் பூட்டிக் கவலை ஓட்டிக்கிறனுங்க" என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிக் கேட்பார்? ஆகாது என்ற ஒரு சொல் போதும். தோல் சாலைத் தைத்து, அந்தக் காளைகளைப் பூட்டி, பழைய மாதிரி தண்ணீர் இறைத்துப் பிழைத்திருப்பார். நான் மோட்டாரைத் தொடக்கூட இல்லை. தாடையைத் தடவிக்கொண்டு, கணக்குப் போடுகிறவனைப் போல மேலே பார்த்து, "இருநூத்தி எண்பது ஆகுமுங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "கொறையாதுங்களா?"

"கொறையாதுங்க. கம்பி வெல அப்புடி."

ஒரு காளையின் திமிலைத் தடவிக் கொடுத்தார். "சரிங்க, மோட்டாரு இங்கயே கெடக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். மோட்டாரை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஏற்றி இறக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் நடந்து வந்தார். நீ திரும்பி வந்திருந்தாய். மடியை அவிழ்த்துப் பணத்தை உன் முன்னால் வைத்தார். "வண்டி என்னாச்சுங்க?" என்று நீதான் கேட்டாய். "மாட்டையும் வண்டியையும் சந்தையில குடுத்துட்டனுங்க. பட்டாளத்துக்கு வாங்கறவங்க நல்ல வெல குடுத்தாங்க" என்றார். நீ என் பக்கம் திரும்பினாய். "பிரிச்சுப் பார்த்துத்தான சொன்ன? எத்தன ராத்தல் போட்ட?"

அவர் முன்னால் நான் என்ன சொல்வது? திறக்காமல், உங்களை விரட்டுவதற்காகச் சொன்னேன் என்றா? அவசரமாக மனதுக்குள் பின்னாலிருந்து வகுத்தேன். இருநூற்று எண்பது வர வேண்டுமானால் கம்பி இருபத்திரண்டு ராத்தல் இருக்க வேண்டும். "இருபத்திரண்டு" என்றேன். நீ தலையை ஆட்டினாய். நீ கைகழுவப் போன நேரத்தில், நான் ஸ்பானரை எடுத்து மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி வைத்தேன், ஏற்கெனவே கழற்றியது போலத் தெரியட்டும் என்று. அந்தக் கைகளால்தான் இதையும் எழுதுகிறேன்.

சேலத்துக்கு ஓடினாய், கம்பி ஒரு முழம் கிடைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கைவிரித்திருப்பார்கள். நீ எரிந்த கம்பியையே உருவி எடுத்தாய். நெருப்பில் போட்டு, கருகிய நூலைப் பொசுக்கி, அந்தப் புகையில் குனிந்து நின்று நீட்டி நிமிர்த்தினாய். நூலுக்கும் பஞ்சம். தங்கச்சி தன் பழைய சேலையைப் பிரித்து நூல் எடுத்துக் கொடுத்தாள். சைக்கிள் சக்கரத்தை வைத்து நீயே ஒரு ராட்டினம் செய்து, கம்பி முழுக்க நூல் சுற்றி, அரக்குப் பூசி, காயவைத்து, குழிகளில் இறக்கினாய். எல்லாம் ஐந்து நாளில்.

அந்த ஐந்து நாளும் குடியானவரும் அவர் மனைவியும் கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் மொண்டு கொடிகளுக்கு ஊற்றினார்கள். "பாதி நிக்குதுங்க, இன்னும் பாதி நிக்குதுங்க" என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மோட்டார் ஓடியது. நான் கைதட்டாத குறை. நீ உறையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய். புதுச் சுருள் முதலில் கொஞ்சம் சூடாகும், அது உனக்குத் தெரியாததா? ஆனாலும் உன் முகம் மாறியது. உருவிய கம்பியை நீ எடை போட்டிருந்தாய். பதினாலு ராத்தல். பழைய சுருள்கள் உருகி ஒட்டிக் கிடந்ததால் எத்தனை சுற்று என்று எண்ண முடியவில்லை. எடையைத்தான் நம்பியாக வேண்டும். நான் சொன்ன எடையை நம்பினாய்.

"இருபத்திரண்டு இருந்த எடத்துல பதினாலுதான் இருக்குது. சுத்து கொறையுதுப்பா. அதான் சுடுது. இதக் குடுத்தா பத்து நாள்ல எரிஞ்சு போவும்."

"குடுத்துரலாம். பாத்துக்கலாம்" என்றேன்.

"மாட்ட வித்துட்டு வந்திருக்காரு. எரிஞ்சா அடுத்தது எத விப்பாரு?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை எத்தனை தடவை திரும்பப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? வாயைக்கூடத் திறந்தேன். நீ என்னை வாய்க்காரன் என்று அழைக்கிறாய், இனி பொய்க்காரன் என்று அழைப்பாய் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன். நீ நல்ல சுருளைப் பிரித்துப் போட்டாய்.

பிறகு ஆறு நாள். இல்லாத எட்டு ராத்தலைத் தேடி ஊரெல்லாம் அலைந்தாய். உடைந்த விசிறி, செத்த மோட்டார் என்று எங்கெங்கோ துண்டுக் கம்பி பொறுக்கி வந்தாய். குழிகளில் அடைத்துப் பார்த்தாய், இடம் கொள்ளவில்லை. குழிக்குள் சுருளுக்கு அடியில் வைக்கும் காகிதத்தை மெல்லியதாக்கிப் பார்த்தாய், அப்போதும் கொள்ளவில்லை. கம்பெனிக்காரன் எப்படி அடைத்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாய். நான் உனக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்தேன். அதைத்தான் செய்தேன், காப்பி வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அதே பதினாலு ராத்தலைப் பழையபடி சுற்றி மூடினாய்.

வேலை ஆரம்பித்த பதினோராம் நாள் மோட்டாரை அவருடைய கிணற்றடியில் பூட்டினோம். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கொடிக்கால் முழுக்கக் காய்ந்து, அகத்தி மரங்களில் கொடிகள் பழுப்புக் கயிறாகத் தொங்கின. கை பட்டால் இலை நொறுங்கியது. அவர் மனைவி வரப்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் மண்வெட்டியை எடுத்து மடை திருப்பினார். செத்த கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். வாங்காத கம்பியின் பணம் என்று சொல்லி மிச்சத்தை நீ திருப்பிக் கொடுத்தாய். வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். பட்டாளத்துக்கு வாங்குகிறவர்கள் விலையை ஏற்றிவிட்டிருந்ததில், அந்தப் பணத்துக்கு அப்போது ஒற்றைக் காளைகூட வராது. நாம் கிளம்பியபோது கும்பிட்டு, "வேல சுத்தமா இருக்குதுங்க. உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

அந்த வைகாசியிலேயே அவர்கள் இருவரும் கூலிக்குக் காப்பித் தோட்டம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. நிலத்தை வாங்கியவர் அந்த மோட்டாரை வைத்துக் கரும்பு போட்டார். அது எரியவே இல்லை.

அது எரியாததுதான் உன்னை அரித்தது. குறைந்த கம்பியில் எப்படி ஓடுகிறது என்று உனக்குப் பிடிபடவில்லை. சும்மா இருக்கும்போதெல்லாம் சிலேட்டை எடுப்பாய், குழி எத்தனை, சுற்று எத்தனை என்று போடுவாய், பதினாலுதான் வரும், அழிப்பாய். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த மழைக்கு முன்பே உனக்கு இருமல் கண்டது. நெஞ்சு முன்பே கெட்டிருந்ததாக டாக்டர் சொன்னார். அந்தப் புகையால்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்ததே ஒழிய, நான் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். தங்கச்சி கஞ்சி கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தாள். நாம் இரண்டு பேர்தான்.

"ஏப்பா, அந்தக் கொடிக்கால் மோட்டாரு. எட்டு ராத்தல் எங்க போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"எரிஞ்சதுல கொட்டிப் போயிருக்கும். வுடு."

"எட்டு ராத்தலா கொட்டும்?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கினாய். "நீ கணக்குல தப்பு வுடமாட்ட. நாந்தான் எதையோ பார்க்காம வுட்டுட்டேன். என்னாலதான் அந்த மனுசன் குடி கெட்டுது."

எனக்கு அழுகை முட்டியது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நீ நான் உனக்காக அழுகிறேன் என்று நினைத்தாய். "அழாத, போ" என்றாய். நாலு நாளில் நீயே போய்விட்டாய், அந்தப் பழியையும் தலையில் தூக்கிக்கொண்டு.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கடை நடக்கிறது. ஊரில் என்னை நேர்மையான ஆள் என்கிறார்கள், மூடியைக் கழற்றாமல் நான் விலை சொல்வதில்லையாம். யாராவது அப்படிச் சொல்லும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கிறது. தங்கச்சியிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனேன். அவள் சாப்பிடச் சொன்னாள், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீ ஒன்றையும் பார்க்காமல் விடவில்லை. நான் அந்த மூடியைக் கழற்றவே இல்லை. அதில் இருந்தது பதினாலு ராத்தல்தான். ஐந்தாம் நாள் சாயங்காலம் நீ உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாயே, அந்தச் சுருள் சரியாக இருந்தது. அன்றைக்கே கொடுத்திருக்கலாம்.