பால் பொங்காத வீடு

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மயூரி,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோவு குறைந்ததா? போனில் சொன்னால் கத்திவிடுவேன், அறையில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நமசிவாயம் ஐயாவின் புது வீட்டு மொட்டைமாடியில் கேஸில் ஓடும் ஜெனரேட்டர் பூட்டினேன். சிலிண்டரிலிருந்து தொண்ணூறு அடி. பதினைந்து அடுப்புக்குப் போகிற கேஸை அது ஒன்றே இழுக்கும், ஒரு அங்குலக் குழாய் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். "அரை இஞ்சி காணும் தம்பி, பெரிய பைப் சுவரில வடிவில்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை குடிபுகுந்தார்கள். நல்ல நேரத்தில் அடுப்பில் பால் வைத்ததும், வந்தவர்களுக்குக் காட்டவென்று மெயினை நிறுத்தி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏசி எல்லாவற்றையும் போட்டார். அடுப்புக்கும் அதே குழாய்தான். நெருப்பு சுருங்கி அணைந்தது. ஜெனரேட்டரும் விக்கி நின்றது. திரும்பப் பற்றவைப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது.

அவருடைய மனைவி எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, "இவன்ர கைக்கு ராசியில்லை" என்றா. ஐயா ஏசியை நிறுத்தப் போய்விட்டார்! என் கைக்கு என்ன குறை? குழாய் அரை இஞ்சி!

நாளைக்குச் சுவரை உடைத்துக் குழாயை மாற்றவேண்டும். யாராவது இங்கே வந்தால் உடுத்த என் பழைய சாரமும் வீட்டு மிளகாய்த்தூளும் கொடுத்துவிடு. கீழே கூப்பிடுகிறார்கள்.

இந்த வேலைக்காகத்தான் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று நான் வரவில்லை. பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று நீ இன்னும் சொல்லவில்லை.

சாரங்கன்