மீன்கொத்திக்கு நேரே ஒரு கோடு

ஏங்க,

இன்னிக்கு எனக்கு முதல் ஷிப்ட், நீங்க ஏரியிலிருந்து திரும்பறதுக்குள்ள டிப்போவிலிருந்து பஸ்ஸை ஓட்டிக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். முட்டை ரெண்டு வேக வெச்சு மூடியிருக்கேன். ஒன்பது மணிக்கு பிளம்பர் வருவார். மொட்டைமாடி சாவி ஆணியில தொங்குது.

பறவை நோட்டை மேஜையிலேயே மறந்துட்டுப் போயிட்டீங்க. கை சும்மா இருக்கல, புரட்டிட்டேன். தேதி, பறவை, இடம் எல்லாம் சரி. கடைசியில 'கூடப் பார்த்தவர்'னு ஒரு கட்டம் எதுக்கு? பக்கம் பக்கமா பல் டாக்டர், பல் டாக்டர்! நீர்க்காகத்துக்கும் அந்தம்மாதான், முக்குளிப்பானுக்கும் அந்தம்மாதான். அவங்க கிளினிக்கையே திறக்கறதில்லையா?

போன ஞாயிறு நானும்தானே வந்தேன். லீவு நாள்ல தூக்கத்தை விட்டுட்டு, செருப்பு கடிக்கக் கடிக்க ஏரியை முழுசா சுத்தினேன். அன்னிக்கு மீன்கொத்திக்கு நேரே என்ன போட்டிருக்கீங்க? வெறும் கோடு!

முட்டையை உரிச்சுத் தின்னத் தெரியும்ல? தெரியலைன்னா பல் டாக்டரைக் கேளுங்க.

பி.கு.: பிளம்பர்கிட்ட சமையலறைக் குழாயையும் காட்டுங்க. ராத்திரியெல்லாம் சொட்டுது.

இன்னொண்ணு. இடம் இல்லாததால ஓரத்துல எழுதறேன். அந்தக் கோடு நியாயம்தான். மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாய்ஞ்சப்போ நான் அதைப் பார்க்கவே இல்லை. "அங்கே பாரு, அங்கே பாரு"ன்னு சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சீங்களே, அதைத்தான் பார்த்துட்டு நின்னேன். நம்ம வீட்டுக்குள்ள நீங்க அப்படிக் குதிச்சு எத்தனை வருஷமாச்சு! அந்தம்மா அதைத் தினம் பார்க்கறாங்க. அதுக்குத்தாங்க வயிறு எரியுது.