திராட்சைத் தொட்டிக்குள் இறங்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணன் திவாகருக்கு,

இது அம்மாவின் கடிதம். அம்மா சொல்கிறார், உங்கள் தங்கை தேவிஸ்ரீ எழுதுகிறேன். அம்மா சொல்வதையும் சொல்ல வந்து நிறுத்திக்கொள்வதையும் ஒன்று விடாமல் உள்ளபடி எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று எழுதச் சொன்னவர், உடனே, "நல்லா இருக்கானா இல்லையான்னு தெரியாமத்தானே எழுதுறோம்" என்றார். போனில் சொன்னால் "சரிலா மா, சரிலா மா" என்று வைத்துவிடுகிறீர்களாம், காகிதத்தை அப்படி வைக்க முடியாதாம். நேற்று அழைத்தபோதும் அறுவடை நேரம் என்று குறுஞ்செய்திதான் வந்தது. உங்களோடு வேலை செய்யும் கிளேபாங் ஊர்த் திலீப் அண்ணன் லீவு முடிந்து நாளை ஆஸ்திரேலியா திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுக்கிறோம்.

போன வாரம் வீடியோ காலில் நீங்கள் வேலை செய்யும் ஒயின் ஆலையின் திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒயின் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார், பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தை அதைக் கண்டுபிடித்து, மகன் சரக்கு கம்பெனியில் மேனேஜரா என்று கேட்டுவிட்டார். கொடிக்கு அடியில் மருந்து அடிக்காமல் ஆடுகளை மேயவிடுவதும், பிழிந்த தோலும் கொட்டையும் எருவாகி மறுபடி கொடிக்கே போவதும், மழைத் தண்ணீரைக் குளத்தில் பிடித்து வைப்பதும் எனக்கு மிகவும் பிடித்தன. அப்பா பத்து பெரண்டாமில் இருக்கும் ஃபேக்டரிக்கு வேலைக்கு வருமுன் மெர்லிமாவ் தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து புல்லுக்கு மருந்து அடித்தே கைநகங்கள் உதிர்ந்தவர் அல்லவா, "எனக்குப் பதிலா ஒரு ஆட்டைச் சேர்த்திருந்தா என் நகமாவது மிஞ்சியிருக்கும்" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். சாறு வடிந்த தொட்டியில் தங்கும் தோலை முன்பெல்லாம் குழாய்த் தண்ணீர் அடித்து வெளியேற்றினார்கள், இப்போது தண்ணீரை மிச்சப்படுத்த ஆளே உள்ளே இறங்கி அள்ளுகிறார், இந்த அறுவடைக்கு அந்த ஆள் நீங்கள். உள்ளே தலை சுற்றி ஏணியில் உட்கார்ந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள், குடிக்காமலே ஏறிவிட்டதாம். அம்மா சிரிக்கவில்லை. உளுந்து ஆட்டப் போனவர் கிரைண்டரைப் போடாமலே நின்றார். பிறகுதான் சாமிக்கண்ணு மாமாவின் சாவை முழுதாகச் சொன்னார்.

அம்மாவின் அண்ணன் கிணற்றில் இறந்தார் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். தோட்டத்து முனியாண்டி கோயில் கிணற்றைத் திருவிழாவுக்கு முன்னால் தூர்வாருவார்களாம். இறங்கும் முன் தட்டில் சூடம் கொளுத்திக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள், அணையாமல் எரிந்தால் முனியாண்டி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அன்று பாதி ஆழத்திலேயே அணைந்தது. காற்றாக இருக்கும் என்று மாமா தட்டை மேலே இழுத்து, விளிம்பில் வைத்து மறுபடி கொளுத்தினார். அங்கே நன்றாக எரிந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கினார். அம்மா பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்றிருந்தார். மாமா சத்தமில்லாமல் உள்ளே கிடக்க, மேலே சூடம் எரிந்துகொண்டே இருந்ததாம்.

சாமிக் குற்றம் என்றே அம்மா இத்தனை வருஷம் நம்பியிருந்தார். நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். தமிழ்ப்பள்ளியில் கரிவளி என்று படித்தோமே, கரியமில வாயு, அதுவாகத்தான் இருக்க வேண்டும். திராட்சை நொதிக்கும்போதும் அது நிறைய வெளியாகிறது, காற்றைவிடக் கனமாக இருப்பதால் தொட்டியின் அடியில் தேங்குகிறது, கண்ணுக்குத் தெரியாது. சில ஆலைகளில் அதைக்கூட வீணாக்காமல் பிடித்துப் பயன்படுத்துகிறார்கள். காற்றை அளக்கும் கருவியும், தொட்டி வாயில் காவலுக்கு ஓர் ஆளும் இல்லாமல் இறங்கவே கூடாது என்று படித்தேன். இதை விளக்கினால் அம்மாவின் பயம் குறையும் என்று நினைத்தேன், கூடிவிட்டது. இறங்க வேண்டாம் என்று அந்தக் கருவி கத்தினால் அதை வெளியே எடுத்துப்போய், இங்கே பேசாமல்தானே இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட மாட்டார்களா என்று கேட்டார். உள்ளே யார் விழுந்தாலும் நீங்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது என்று எழுதச் சொன்னார். எழுதியதும், அது பாவம், அடித்துவிடு என்றார். நான் அடிக்கவில்லை.

ஒப்பந்தம் முடியாமல் திரும்பி வந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று போன மாதம் சொன்னதும் இதே அம்மாதான். இப்போது சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "மண்ணைப் பாக்குறாங்க, தண்ணியப் பாக்குறாங்க, நல்லதுதான்யா. ஒன்னை யாரு பாக்குறா? மொதல்ல அதைக் கேளு. சரியா பதில் சொல்லலன்னா கெளம்பி வந்துரு. நாந்தான் கூப்பிட்டேன்னு மாரியம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

முனியாண்டி உங்கள் கூடவே நிற்பார், நூறு வயது இருப்பீர்கள் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். பொட்டலத்தில் மிளகாய்த்தூள் இருக்கிறது. திலீப் அண்ணன் இதைக் கொடுத்ததும், வேலைக்கு இறங்கும் முன்னால், போன் செய்யுங்கள்.

உன் அம்மா,
மலர்விழி

கையெழுத்துப் போட்டுவிட்டு, உங்கள் அழைப்பு இப்போதே வந்துவிடும் என்பதுபோல அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலை ஷிஃப்ட் இருப்பதால், நான் எழுதும் விளக்கைத் தவிர மற்ற விளக்குகளை அப்பா அணைத்துவிட்டார்.