தங்கை இல்லை என்று சொன்னேன்

லோஹேகாவ், புனே
12 ஜூன் 2024

மீனு கண்ணுக்கு,

அக்கா கிரிஜா எழுதுகிறேன். போன் செய்தால் ஸ்பீக்கரில் உன் மாமியாரும் கேட்பார்கள். அதனால் நீ வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். ஏழாவதோடு நின்றவள் நான், பிழை இருந்தால் டீச்சரம்மா சிவப்பு மை எடுக்காதே.

என் பிள்ளை ஹர்ஷா போய் நாற்பது நாள் கழித்து, அவனுடைய மூச்சு மெஷினைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரபணு டாக்டர் மேடம் டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில், "நல்லவேளை, உங்களுக்குத் தங்கச்சி இல்லை" என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

நாலு வருஷம் முன்பு குடும்பத்தைப் பற்றிக் கேட்டுப் படம் போட்டார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கூடப் பிறந்தவர்கள் யார் என்றார்கள். யாரும் இல்லை என்றேன். அப்போது உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு ஏதாவது கடிதம் வந்து, கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

அவன் தசையைக் கரைத்த நோய் என் ரத்தத்தில் வந்தது. அம்மா வழியாக வந்திருந்தால் உன்னிடமும் இருக்கலாம். பாதிக்குப் பாதி என்கிறார். உனக்கு ரெண்டு மாசம் என்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும். ஹர்ஷாவின் ரிப்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டி, சோதனைக்கு ரத்தம் கொடு. தள்ளிப் போடாதே.

உன் அக்கா
கிரிஜா

கோயமுத்தூர்
20 ஜூன் 2024

அக்காவுக்கு,

ஸ்டாஃப் ரூமில் படித்தேன். கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அது ரத்தத்தில் வருவது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பெண் பார்க்க வந்தவர்களிடம், ஹர்ஷா சைக்கிளிலிருந்து விழுந்து கால் போச்சு என்று சொன்னதும் நீதான். கல்யாணத்துக்கு அவனையும் கூட்டி வரவில்லை, நீயும் வரவில்லை. இப்போது நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு சொல்வேன்? முன்னாலேயே தெரிந்திருந்தால் குழந்தைக்கு முன்பே பார்த்திருப்பேன்.

இனி இங்கே கடிதம் போடாதே.

மீனு

லோஹேகாவ்
28 ஜூன் 2024

மீனு கண்ணு,

இது ஒன்று மட்டும்.

மேடத்திடம் போய், "பொய் சொல்லிட்டேன், எனக்குத் தங்கச்சி இருக்கா" என்றேன். அவர் திட்டவில்லை. பழைய பேப்பரை எடுத்தார். என் வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளி, நோய் என் வழியாக வந்தது என்பதற்கு. ஹர்ஷாவின் கறுப்புக் கட்டத்தின்மேல் குறுக்குக்கோடு போட்டாகிவிட்டது. என் பக்கத்தில் புது வட்டம் போட்டு, உள்ளே கேள்விக்குறி வைத்தார்.

வீட்டில் பழியை என்மேல் போடு. அக்கா மறைத்துவிட்டாள் என்று சொல். அந்த உறவே வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிடு. நான் சண்டைக்கு வரமாட்டேன். ரத்தம் மட்டும் கொடு.

உன் கல்யாணத்தன்று ஹர்ஷா போனில் போட்டோ பார்த்துவிட்டு, "சித்தி என்னைக் கேட்டாங்களாம்மா?" என்றான். கேட்டாங்கடா என்றேன். கேட்டாய்தானே?

கிரிஜா

கோயமுத்தூர்
5 ஆகஸ்ட் 2024

அக்கா,

ரிசல்ட் வந்தது. எனக்கு இல்லை. ஹர்ஷாவின் ரிப்போர்ட் இருந்ததால்தான் சீக்கிரம் முடிந்தது என்றார்கள்.

நீ எழுதியபடியே வீட்டில் சொன்னேன். அத்தைக்கு என்மேல் கோபமில்லை. உன்னோடு பேச்சு வேண்டாம் என்றார்கள். சரி என்றேன்.

வளைகாப்பு கார்த்திகையில். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட முடியவில்லை.

கேட்டேன் அக்கா. மேடைக்குப் போகும் முன் பெரியம்மாவிடம், ஹர்ஷா எங்கே என்று கேட்டேன்.

மீனு

லோஹேகாவ்
14 ஆகஸ்ட் 2024

மீனு கண்ணு,

இதைத் தபாலில் போடமாட்டேன். பயப்படாதே.

உன் ரிசல்ட்டைச் சொன்னதும் மேடம் கேள்விக்குறியை அழித்துவிட்டார். உன் வட்டம் இப்போது வெள்ளை. ஒரு நகல் கேட்டு வாங்கி வந்தேன். உன் மாமா ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு வந்ததும் காட்டினேன். "இது யாரு?" என்றார். மீனு என்றேன். அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். அதில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் வளைகாப்பில் நிற்கக்கூடாது. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டேன். கை நிறையப் போட்டுக்கொள்.

ஹர்ஷாவின் கட்டிலை இன்னும் மடக்கவில்லை. அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சித்தி கேட்டாங்களாம்டா என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பொய்யில்லை.

அக்கா