உம்முடைய அண்ணா திருப்பிக் கொடுத்த பங்கு

முல்லைத்தீவு
18.06.1994

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி ஸ்ரனிஸ்லஸுக்கு, அண்ணி புனிதம் எழுதிக்கொள்வது.

உம்முடைய கடிதமும் டிலுசாவுக்கு அனுப்பிய சட்டையும் கொழும்பிலிருந்து வந்த ஆட்களின் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. சட்டை கொஞ்சம் பெரிது. பிள்ளை வளர்ந்துவிடுவாள், கவலையில்லை. பிரான்சில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த முறை அழுது வடிந்து எழுதவில்லை, தம்பி. உம்முடைய அண்ணாவைப் பற்றிப் பெருமையாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முதல், உமக்கு எழுதாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். கொழும்பில் அண்ணாவுக்கு ஓபரேசனும் மருந்தும் முடிந்து, கான்சர் போய்விட்டது என்று டொக்டர் சொன்னதும் நாங்கள் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். இனி எல்லாம் சரி என்று நினைத்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த மனுசன் பழைய கிறிஸ்தோப்பர் இல்லை. கிணற்றில் இரண்டு வாளி அள்ளினாலே மூச்சு வாங்கும். பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். தலைமயிர் திரும்ப முளைத்தது, முகத்தில் மட்டும் வெளிச்சம் வரவில்லை. பிள்ளை மடியில் ஏறினால்கூடத் தூக்கி இறக்கி விடுவார். தான் ஆம்பிளையே இல்லை என்று ஒருநாள் சொன்னார்.

போன தவணை கிளினிக்கில் டொக்டரிடம் நானே கேட்டேன். இந்தக் களைப்பு மாதக்கணக்கில் இருக்கும், மனமும் சோரும், அது சோம்பல் இல்லை, கொஞ்சம் வேலையும் கொஞ்சம் ஓய்வுமாகப் பழக வேண்டும் என்றார். திரும்பி வரும் வழியிலேயே, அடுத்த தவணைக்கு வரமாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டார். போகாவிட்டால் கான்சர் வருத்தம் திரும்பினாலும் தெரியாது. அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

கரையில் நின்று சேர்ந்து இழுக்கிற கரைவலையின் வழக்கம் உமக்குத் தெரியும். வருத்தத்தில் கிடக்கிறவனுக்கும் பிடிபட்ட மீனில் பங்கு போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். தன் வலையை வருடக்கணக்காக இழுத்தவரைச் செபஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டி மறக்கவில்லை. மீன்பாடு எப்படி இருந்தாலும் ஓலை உமல் நிறைய மீன் வரும். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் ஓடாமல், எல்லோரும் கரைவலையை நம்பி இருக்கிற காலத்தில் அது பெரிய காரியம். நானும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினேன். உம்முடைய அண்ணா அந்த மீனைத் தொடுவதில்லை. சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்து, பாதியில் எழும்பிவிடுவார். வயிற்றில் ஓபரேசன் என்று நான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்ததால் வருகிறவர்களெல்லாம் வயிற்றை விசாரித்தார்கள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் மீன் குறைவு. அப்படியிருந்தும் நல்ல பாரை மீனாகப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள். வலை இழுத்தவர்களுக்குச் சின்னச் சூடை மீன்தான் கிடைத்ததாம். அதைக் கேட்டதும் எழும்பி, உமலைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடக்கத் தொடங்கினார். வழியில் இடைக்கிடை குந்தி இருந்துதான் போனார். நான் பிள்ளையோடு பின்னால் போனேன்.

சம்மாட்டியின் முன்னால் உமலை வைத்து, அத்தனை ஆம்பிளைகளும் கேட்கச் சொன்னார்: "எனக்கு வயித்தில ஒண்டும் இல்லை. விதையில கான்சர் வந்தது, ஒண்டை எடுத்துப்போட்டாங்கள். கை ரெண்டும் இருக்கு. வேலைக்குப் பங்கு தாங்கோ, இரக்கத்துக்கு வேண்டாம்." ஒருவரும் சிரிக்கவில்லை, தம்பி. கயிறு இழுக்க ஏலுமோ என்று சம்மாட்டி கேட்டார். "ஏலாது. இழுத்து வாற கயித்தை வளைச்சு அடுக்குவன். களைச்சால் குந்தி இருப்பன். ஏனெண்டு கேக்கப்படாது" என்றார் இவர். அப்படியென்றால் நாளைக்கு வா என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கரையில் ஒரு ராசாவுக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வரும்வரை தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.

இப்போது கயிறு வளைக்கப் போகிறார். எல்லா நாளும் இல்லை. நேற்று எழும்பவே இல்லை, கதைக்கவும் இல்லை. நான் கரைச்சல் கொடுக்கவில்லை. போகிற நாளில் பாதிப் பங்கு, சின்ன மீன்கள்தான். அதைத் தன் கையால் கொண்டுவந்து குசினியில் வைக்கிறார். பொரித்துக் கொடுத்தால் உப்புக் கூடிவிட்டது என்று என்னோடு சண்டை பிடிக்கிறார். பிடிக்கட்டும்! கிளினிக்குக்கு எப்போது வெளிக்கிட வேண்டும் என்று முந்தாநாள் தானாகவே கேட்டார். ஊரை விட்டுப் போகப் பாஸ் எடுக்கிற அலைச்சலும் வவுனியாவில் சோதனைக்குக் காத்து நிற்பதும் அவருடைய உடம்புக்குத் தாங்குமோ தெரியாது. ஆனாலும் போகிறோம். டிலுசாவுக்கு ஒரு தம்பி வருவானோ என்பதை நாங்கள் இருவரும் இன்னும் கதைக்கவில்லை.

தம்பி, உம்மிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஓய்வெடுங்கோ, எல்லாவற்றையும் நான் பார்க்கிறேன் என்று இனி அண்ணாவுக்கு எழுத வேண்டாம். அன்பில்தான் எழுதுகிறீர், தெரியும். அதை வாசித்த நாளில் அவர் சாப்பிடாமலே படுத்துவிடுகிறார். அதற்குப் பதில் அவரிடம் எதையாவது கேளும். இங்கே நல்ல கருவாடு கிடைக்கவில்லை, காயவைத்து அனுப்புங்கோ என்று எழுதும். கடைகளில் குவிந்து கிடந்தாலும் கிடைக்கவில்லை என்றே எழுதும். அனுப்பச் சுணங்கினால் ஏசி எழுதும்.

மாதா உம்மைக் கைவிடமாட்டா. பதிலை என் பெயருக்குப் போடாமல் அவர் பெயருக்கே போடும்.

அன்புடன்
அண்ணி
கி. புனிதம்